வளரிளம் பருவத்தினர் உளச்சிகிச்சையில் தமிழ்ச் சொல்லாட்சி: மெய்ப்பாட்டியலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

நடத்தை, உணர்வெழுச்சி சார்ந்த இடர்ப்பாடுகளுக்கு உள்ளாகும் வளரிளம் பருவத்தினருக்கு அளிக்கப்படும் உளச்சிகிச்சை, பேச்சைக் கருவியாகக் கொண்டது. அப்பேச்சு தமிழில் நிகழும்போது பயன்படும் கலைச்சொற்கள் சிகிச்சைக்கு உதவுகின்றனவா, தடையாகின்றனவா என்பதே இக்கட்டுரையின் வினா. தமிழில் வழங்கும் நோய்ப்பெயர்கள் பல குற்றச்சாட்டின் பொருளைச் சுமந்து நிற்பதையும், தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் தமிழின் வேற்றுமை அமைப்பும் அதற்கு மாறான வழி ஒன்றைக் காட்டுவதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வளரிளம் பருவம், உளச்சிகிச்சை, வெகுளி, நிலைக்களன், நான்காம் வேற்றுமை, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

10 முதல் 19 வயது வரையிலான காலத்தை உலக சுகாதார நிறுவனம் வளரிளம் பருவம் என வரையறுக்கிறது. இப்பருவத்தினருள் ஏழில் ஒருவர் ஏதேனும் ஓர் உளநலச் சிக்கலுக்கு உள்ளாகின்றனர் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் மேற்கொண்ட தேசிய மனநல ஆய்வு, இந்தியாவில் 13 முதல் 17 வயதினரிடையே இவ்விகிதம் 7.3 விழுக்காடு எனக் கண்டது. வெவ்வேறு முறைகளில் பெறப்பட்ட இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுதல் பொருந்தாது. எனினும் சிறியதைக் கொண்டாலும், நாற்பது மாணவர் அமர்ந்துள்ள ஒரு வகுப்பறையில் இருவர் அல்லது மூவர் என்றாகிறது.

மருத்துவம் பயிலாது தமிழ் பயின்றவர் இப்பொருளில் எழுதப் புகுவதற்குக் காரணம் உண்டு. இப்பருவத்து நடத்தைச் சிக்கல்களில் முதலில் பரிந்துரைக்கப்படுவது பெரும்பாலும் மருந்தன்று. மாணவனோடும் பெற்றோரோடும் பேசும் முறையான பேச்சே ஆகும். எனவே எச்சொல்லால் கேட்கிறோம், எச்சொல்லால் பெயரிடுகிறோம் என்பது சிகிச்சைக்கு வெளியே உள்ள அலங்காரம் அன்று. சிகிச்சையின் உள்ளுறுப்பே ஆகும்.

சிகிச்சை முறைகளும் பேச்சும்

ஆல்பர்ட் எல்லிஸ் 1950களிலும் ஆரன் பெக் 1960களிலும் வகுத்த அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, நிகழ்வு, அந்நிகழ்வு பற்றிய எண்ணம், அதனால் எழும் உணர்வு, விளையும் செயல் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கக் கற்பிக்கிறது. மார்ஷா லைனஹன் உருவாக்கிய இயங்கியல் நடத்தைச் சிகிச்சை, தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் இளையோருக்காகப் பின்னர்த் தகவமைக்கப்பட்டது; உணர்வுக்குப் பெயரிடுதல் அதன் அடிப்படைப் பயிற்சிகளுள் ஒன்று. ஜெரால்டு பாட்டர்சன் பெற்றோருக்கான பயிற்சியை முன்னிறுத்தினார். மைக்கேல் ஒயிட், டேவிட் எப்ஸ்டன் ஆகியோரின் கதையாடல் சிகிச்சை, சிக்கலை மனிதரிலிருந்து பிரித்து வெளியே நிறுத்திப் பேசுவது.

பேச்சினால் மட்டுமே எல்லாம் தீரும் என்று கொள்வதற்கில்லை. அமெரிக்காவில் மனச்சோர்வுற்ற 12 முதல் 17 வயதினர் 439 பேரிடம் நிகழ்த்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வில், 12 வார முடிவில் மருந்தும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றோருள் 71 விழுக்காட்டினர் தேறினர். மருந்து மட்டும் பெற்றோரில் 60.6, சிகிச்சை மட்டும் பெற்றோரில் 43.2, வெற்று மாத்திரை பெற்றோரில் 34.8 விழுக்காட்டினர் தேறினர். கடுமையான மனச்சோர்வில் மருத்துவரின் இடத்தைப் பேச்சுக்கு விட்டுக்கொடுக்க இயலாது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

பீகார் மாநிலம் நாளந்தா மாவட்ட உயர்நிலைப் பள்ளிகளில் நிகழ்ந்து 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு நம் பொருளுக்கு மேலும் நெருக்கமானது. பள்ளிச் சூழலை மேம்படுத்தும் ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற பொது ஆலோசகர்களும், சில பள்ளிகளில் ஆசிரியர்களும் நடத்தினர். ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் மனச்சோர்வும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் அத்தகைய பயன் காணப்படவில்லை. திட்டம் ஒன்றே, பேசுவோர் வேறு. மதிப்பெண் இடுபவரும் தண்டிப்பவருமான ஒருவர் வாயிலாக வரும் சொல்லுக்கும், அவ்வதிகாரம் இல்லாதவர் சொல்லுக்கும் மாணவர் செவியில் வேறுபாடு உண்டு என்று இதனை விளக்க இடமுண்டு.

பருவப் பெயர்கள்

தமிழ்ப் பாட்டியல் நூல்கள் பெண்பாற் பருவங்களைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழாக வகுக்கும். ஆண்பாலுக்கும் பாலன், மீளி, மறவோன், திறவோன், காளை, விடலை முதலிய பெயர்கள் உண்டு. அகப்பாடல்களில் விடலை என்பான் தலைவியை உடன்கொண்டு பாலைவழி செல்லும் ஆற்றல் மிக்க தலைவன். இன்றைய வழக்கிலோ ‘விடலைப் பையன்கள்’ என்னும் தொடர் தெருமுனையில் பொழுதுபோக்கும் பொறுப்பற்றோரைச் சுட்டுகிறது. செய்தித்தாள்களில் இத்தொடரைத் தொடர்ந்து வருவது பெரும்பாலும் ஒரு கைது நடவடிக்கையே. அரசுத் திட்டங்களில் பயிலும் ‘வளரிளம் பருவம்’ பேச்சு வழக்கில் வேர்கொள்ளாவிடினும், இழிபொருள் ஏறாத சொல் என்பதால் இக்கட்டுரையில் அதுவே ஆளப்படுகிறது.

கோளாறு, பிறழ்வு, சீர்குலைவு

உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாட்டில் குழந்தைப் பருவத்திலும் வளரிளம் பருவத்திலும் தொடங்கும் நடத்தை, உணர்வெழுச்சிச் சிக்கல்களுக்கெனத் தனிப் பிரிவு இருந்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் வகைப்பாடு அப்பிரிவைக் கலைத்து, அதிலிருந்தவற்றை வெவ்வேறு இடங்களில் அமைத்தது. தமிழில் இவற்றுக்கு வழங்கும் பெயர்களோ இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. ஒரே நிலை ஒரு நூலில் நடத்தைக் கோளாறு எனவும், மற்றொன்றில் நடத்தைப் பிறழ்வு எனவும், வேறொன்றில் நடத்தைச் சீர்குலைவு எனவும் இடம்பெறக் காணலாம். சீர்மையின்மை ஒரு குறையே. ஆயினும் இச்சொற்கள் ஒவ்வொன்றும் பொதுவழக்கில் வேறெங்கு வாழ்கின்றன என்று நோக்கினால் அதனினும் பெரிய இடர் புலப்படும்.

கோளாறு என்பது பொறிக்கு நேர்வது. மின்விசிறிக்கும் பேருந்துக்கும் கோளாறு வரும். மனிதர் மீது ஏற்றப்படும்போது ‘மூளைக் கோளாறு’ என்னும் வசைமொழி உடன் வருகிறது. பிறழ்வு, நெறி பிறழ்தல் என்னும் அறவியல் தொடரையும், நீதிமன்றத்துப் பிறழ்சாட்சியையும் நினைவூட்டுவது. சீர்குலைவு, சட்டம் ஒழுங்கோடு சேர்ந்தே நாம் கேட்டுப் பழகிய சொல். குறைபாடு என்றாலோ, பார்வைக் குறைபாடு போல நீங்காது நிற்பது என்ற எண்ணம் எழும். ஆகத் தமிழில் ஒரு சிறுவனுக்கு நோய்ப்பெயர் இடும்போதே அவனைப் பழுதான பொறியாகவோ, நெறி தவறியவனாகவோ, ஒழுங்கைக் குலைப்பவனாகவோ, நிறைவற்றவனாகவோ ஆக்கிவிடுகிறோம்.

இத்தொடர்களின் முதற்சொல்லாகிய நடத்தை இவற்றினும் கூரியது. உளவியலில் நடத்தை என்பது காணத்தக்க செயல் எதனையும் குறிக்கும் நடுநிலைச் சொல். பொதுவழக்கில் அவ்வாறன்று. பள்ளி தரும் நன்னடத்தைச் சான்றிதழிலும், சட்டத்துறையின் நன்னடத்தை அலுவலர் என்னும் பதவிப் பெயரிலும் அது ஒழுக்கத்தின் மறுபெயர். பெண்ணைப் பற்றி ‘நடத்தை சரியில்லை’ எனக் கூறப்படுமாயின் அதன் பொருள் பாலொழுக்கம் பற்றியதாகவே கொள்ளப்படும். பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி வகுப்புக்கு வராதிருந்தாள், பொய் கூறினாள், சக மாணவியை அடித்தாள் என்னும் காரணங்களுக்காக அவள் கோப்பில் ‘நடத்தைக் கோளாறு’ என்று எழுதப்படுவதாகக் கொள்வோம். எழுதியவர் கருதிய பொருளும் அவள் தாய் படித்தறியும் பொருளும் ஒன்றல்ல. அக்கோப்பைக் கண்ட குடும்பம் அடுத்த முறை அவளைச் சிகிச்சைக்கு அழைத்து வருமா என்பது ஐயத்திற்குரியது. மொழிபெயர்ப்பாளர் அகராதியை மட்டும் நோக்கியதால் விளையும் கேடு இது.

வெகுளியின் நிலைக்களன்கள்

நடத்தை இடர்ப்பாடு உடையோராகக் கருதப்படும் மாணவரிடம் பெரிதும் குறிப்பிடப்படுவது சினம். பள்ளிகளில் சினம் பற்றிப் பேச நேரும்போது திருக்குறளின் 31ஆம் அதிகாரமாகிய வெகுளாமையை மேற்கோள் காட்டுதல் இயல்பாகிவிட்டது. அறநூல் சினத்தை விலக்கத்தக்கதாகக் காண்கிறது. அது அதன் பணி. ஆனால் ஏற்கெனவே சினத்தின் பிடியில் இருப்பவனுக்கு அதனை விலக்குக என்னும் அறிவுரை சிகிச்சையாகாது.

தொல்காப்பியம் வேறொரு நோக்கை வைத்துள்ளது. மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்வு மெய்யின்கண் புலப்படுதல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அவை எட்டாக, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்கள் கூறப்படுகின்றன. வெகுளிக்கு உரியனவாக மெய்ப்பாட்டியலின் 10ஆம் நூற்பா சுட்டுவன உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பன. இந்நான்கும் ஒருவனுக்குப் பிறரால் நேரும் கேடுகள் என்பது நோக்கத்தக்கது. அஃதாவது, வெகுளி இங்கு ஒருவனது இயல்புக் குறையாகச் சொல்லப்படவில்லை; ஒரு தீங்குக்கு எதிர்வினையாகவே இலக்கணம் பெறுகிறது.

பேராசிரியர் உரை இதனை மேலும் விரிக்கிறது. குடிகோள் என்பதற்கு மனைவி, சுற்றம், குடிப்பிறப்பு முதலியவற்றுக்குக் கேடு சூழ்தல் என்றும், அலை என்பதற்குக் கோல்கொண்டு அடித்தல் முதலியன என்றும் அவர் பொருள் கொள்கிறார். கொலை என்பதை உயிர்க்கொலையாகக் கொள்ளாமல், ஒருவருடைய அறிவையும் புகழையும் அழித்துப் பேசுதல் என்று விளக்குவது வியப்புக்குரியது. ஒரு வகுப்பறையை மனத்திற்கொண்டு இவற்றை மீண்டும் நோக்கலாம். பிறப்பையோ பெற்றோரையோ இழித்துரைத்தல், பிரம்பால் அடித்தல், ‘உனக்கெல்லாம் எதற்குப் படிப்பு’ என்று நாற்பது பேர் முன் கூறுதல் ஆகிய மூன்றும் அவ்வுரைக்குள் அடங்கும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் உடல்சார் தண்டனையை மட்டுமன்றி மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்தது. அலையையும் கொலையையும் ஒரே நூற்பாவில் அடுத்தடுத்து வைத்த இலக்கண மரபுக்கு அவ்விணைப்பு அயலானதன்று.

இதனைக் கொண்டு பண்டைத் தமிழர் உளச்சிகிச்சையை அன்றே அறிந்திருந்தனர் என்று முடிவு கட்டுவது, நம் துறைக் கட்டுரைகளில் அடிக்கடி காணப்படும் மிகையே ஆகும். மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கு இலக்கணம் கூறுவது, நோயாளிக்கன்று. அதன் நிலைக்களன்கள் எண்ணி அளந்து பெறப்பட்டவையும் அல்ல. நாம் அதனிடமிருந்து பெறத்தக்கது முடிவன்று, வினா எழுப்பும் முறை. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் புத்தகப்பையை வீசியெறிந்துவிட்டு வகுப்பை நீங்கினான் என்று கொள்வோம். ‘உனக்கு ஏன் இவ்வளவு கோபம்’ என்னும் வினா கோபத்தை அவனுக்குள் வைக்கிறது. ‘உனக்கு யார் என்ன செய்தார்கள், எதைச் சொன்னபோது அது வந்தது’ என்பது நிலைக்களனைத் தேடும் வினா. அறிவுசார் நடத்தைச் சிகிச்சையில் மாணவர் எழுதும் எண்ணப் பதிவேடும் நிகழ்வைக் குறிப்பதிலிருந்தே தொடங்குகிறது.

சினமாகத் தோன்றுவது சினமே என்பதற்கும் உறுதியில்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டு நூல், சிறாரிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் மனச்சோர்வு துயரமாக அன்றி எரிச்சலாக வெளிப்படலாம் எனக் கூறுகிறது. மெய்ப்பாட்டியல் அழுகைக்குக் கூறும் களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. அசைவு என்பதை முன்னிருந்த நன்னிலை கெட்டு வேறாதல் என்பர். தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு வரை முதலிடம் பெற்றுப் பின் ஆங்கிலவழி மேல்நிலை வகுப்பில் பின்தங்கிப்போன மாணவனின் எரிச்சலுக்கு இதனினும் பொருத்தமான பெயர் வழக்கிலுள்ள நோய்ப்பட்டியலில் இல்லை.

வீட்டிலும் இதே வினா எழுகிறது. பாட்டர்சன் ஓரிகனில் செய்த ஆய்வுகள், பெற்றோரும் பிள்ளையும் ஒருவரையொருவர் வன்முறைக்குப் பழக்குவதைக் காட்டின. தாய் ஒன்றைச் செய்யச் சொல்கிறாள், பிள்ளை கத்துகிறான், தாய் விட்டுவிடுகிறாள், கத்தினால் விடுபடலாம் என அவன் கற்கிறான். மறுநாள் தாய் இன்னும் உரக்கக் கத்துகிறாள், அவன் பணிகிறான், கத்தினால்தான் நடக்கும் என அவள் கற்கிறாள். இச்சுழலை உடைக்கப் பெற்றோர்க்குக் கற்பிக்கப்படுவன இரண்டு: ஒரு நேரத்தில் ஒரே கட்டளையைத் தெளிவாகக் கூறுதல், நற்செயலை உடனுக்குடன் பெயர் சுட்டிப் பாராட்டுதல். தமிழ் இல்லங்களில் கட்டளை பெரும்பாலும் வினாவின் வடிவில் வருகிறது. ‘எத்தனை தடவை சொல்றது’, ‘வெட்கமா இல்லையா’ என்பவற்றில் செய்யவேண்டிய செயல் எதுவும் இல்லை. பேராசிரியர் பொருளில் கொலை மட்டுமே உள்ளது. பாராட்டுக்கும் தடை உண்டு. பெற்ற பிள்ளையை நேரில் புகழ்ந்தால் கண்பட்டுவிடும் என்னும் நம்பிக்கையுடைய தாயிடம் நாளைக்கு ஐந்து முறை பாராட்டுக என்று அச்சிட்ட தாளைக் கொடுப்பதனால் பயன் விளையாது. அவ்வச்சத்தை மதித்து, புகழ்ச்சியாகாமல் செயலை மட்டும் கூறும் தொடர்களைத் தமிழில் ஆக்கித் தருதல் வேண்டும். ‘தம்பியை நீயே குளிப்பாட்டிட்டியா, எனக்கு வேலை மிச்சம்’ என்பது போல்வன போதும்.

நான்காம் வேற்றுமை தரும் இடைவெளி

தமிழில் உணர்வைக் கூறும் தொடர்களில் உணர்பவர் பெரிதும் எழுவாயாவதில்லை. ‘எனக்குக் கோபம் வருகிறது’, ‘அவனுக்குப் பயமாக இருக்கிறது’ என நான்காம் வேற்றுமையே வருகிறது. கோபம் எழுவாய், அது வருகிறது, போகிறது, தணிகிறது. ஒயிட், எப்ஸ்டன் ஆகியோர் 1990இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்திய, சிக்கலை மனிதரிலிருந்து பிரித்துப் பேசும் முறைக்கு ஆங்கிலத்தில் சிறிது செயற்கையாகத் தொடரமைக்க வேண்டியுள்ளது. தமிழில் அன்றாடத் தொடரே அவ்வாறு அமைந்துள்ளது. ‘அது வரும்போது முதலில் உடம்பில் எங்கே தெரிகிறது’ என்று கேட்டால் பதினான்கு வயது மாணவனுக்கு அது விந்தையாகப் படாது.

இந்த இடைவெளியை அழிப்பவை பெயர்ச்சொற்கள். கோபக்காரன், முரடன், அடங்காதவன், பயந்தாங்கொள்ளி என்பவற்றில் உணர்வு ஆளாகவே மாறிவிடுகிறது. மருத்துவக் கலைச்சொற்களும் இவ்வழியையே பின்பற்றுகின்றன: ‘எதிர்ப்பு நடத்தைக் கோளாறு உடையவன்’ என்னும் தொடரில் வருவதும் போவதும் இல்லை; உடைமை மட்டுமே உள்ளது. இலக்கண வேறுபாடு மட்டுமே நோயைத் தீர்க்கும் என்பதன்று கருத்து. ஆனால் மாற்றம் இயலும் என்று நம்பச் செய்ய வேண்டிய இடத்தில், மாறாமையைக் குறிக்கும் தொடரமைப்பைத் தேர்ந்துகொள்வது எதற்கு என்னும் வினா எஞ்சுகிறது.

கலப்புச் சொற்களும் தொலைபேசியும்

இன்றைய மாணவர் தம் நிலையைக் கூற ஆள்பவை பெரும்பாலும் கடுப்பு, காண்டு, டென்ஷன், மூட் அவுட், ஃபீலிங் முதலிய சொற்கள். தமிழ்த்துறையினர் இவற்றைக் களைய விழைவது இயல்பு. சிகிச்சையறையில் அது பிழையாகும். ‘ஃபீல் பண்றேன்’ என்பது ஆங்கிலத்தில் பொதுவாக உணர்தலையும், தமிழ் மாணவர் வாயில் வருந்துதலையும் குறிக்கிறது. ஆகவே அது இப்போது தமிழ்ச் சொல்லே. ‘அழுகிறேன்’ என்று கூற நாணும் ஆண்பிள்ளைக்கு அந்த அயற்சொல் ஒரு திரை. திரையை விலக்குமுன் அதனூடே பேசப் பழகுதல் நன்று. டென்ஷன் என்பதன் அடியில் அச்சமும் வெகுளியும் இளிவரலும் ஒருங்கே கிடக்கலாம். அவற்றைப் பிரித்தறிய மாணவனுக்கு உதவுவதே பணி, சொல்லைத் திருத்துவதன்று.

2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பட்ட டெலி மானஸ் (14416) போன்ற தொலைபேசிச் சேவைகளில் இத்தேவை இன்னும் கூடுகிறது. நேரில் வருபவரிடம் மெய்ப்பாட்டியல் எட்டுக்குப் புறம்பாகக் கூறும் முப்பத்திரண்டனுள் வியர்த்தல், நடுக்கு, மடிமை முதலியவற்றைக் கண்ணால் காணலாம். தொலைபேசியில் மெய் மறைந்துவிடுகிறது. உயிர்ப்பும் சொல்லுமே எஞ்சுகின்றன. பெருமூச்சையும் இடைவிட்ட பேச்சையும் கேட்டுணரும் ஆலோசகருக்கு வட்டாரச் சொல்லறிவு கேள்விக்கருவியைப் போன்று இன்றியமையாதது. நெஞ்சடைப்பு, மனப்பாரம், வெறுமை ஆகியவற்றை ஒன்றாகக் கொண்டு ‘மனச்சோர்வு’ எனக் குறித்துவிடுதல் எளிது. அவற்றைக் கூறியவர் மூவகை நிலைகளைக் கூறியிருக்கக்கூடும்.

சட்டம் காட்டும் முன்மாதிரி

நோய்ப்பெயர்களை மாற்றவியலாது என்பார்க்குச் சிறார் நீதிச் சட்ட வரலாறு விடையாகும். 1986ஆம் ஆண்டுச் சட்டம் இளங்குற்றவாளி என்று பொருள்படும் தொடரை ஆண்டது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நீக்கி, சட்டத்திற்கு முரண்பட்ட இளஞ்சிறார் என்றது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் ‘சட்டத்திற்கு முரண்பட்ட குழந்தை’ என்றதோடு நில்லாது, தன் 3ஆம் பிரிவில், குழந்தை தொடர்பான நடவடிக்கைகளில் பழிக்கும் சொற்களையும் குற்றஞ்சாட்டும் சொற்களையும் பயன்படுத்தலாகாது என்பதை ஓர் அடிப்படை நெறியாகவே வகுத்தது. குற்றம் புரிந்ததாகக் கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்ட சிறுவனுக்குச் சட்டம் அளிக்கும் இச்சொற்காப்பு, எக்குற்றமும் புரியாது சிகிச்சைக்கு வரும் சிறுவனுக்கு நம் கலைச்சொற்களில் கிடைப்பதில்லை. ஊனமுற்றோர் என்பது மாற்றுத்திறனாளி என மாறியபோதும் தொடக்கத்தில் தயக்கம் இருந்தது. இன்று அரசாணை முதல் பேருந்து இருக்கை வரை அச்சொல்லே வழங்குகிறது.

ஈண்டு ஒரு மறுப்பு எழலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வழங்கும் சலுகைகளைப் பெறவும், காப்பீடு பெறவும் நோயின் பெயர் உறுதியாக எழுதப்படுதல் வேண்டும். மென்சொற்கள் நோயின் கடுமையை மறைத்துவிடும் என்பது அம்மறுப்பு. இதில் உண்மை உண்டு. ஆதலின் மருத்துவச் சான்றில் வகைப்பாட்டு எண்ணும் அதற்குரிய பெயரும் நிற்கட்டும். பெற்றோரிடமும் மாணவரிடமும் பேசவும், பள்ளிக் கோப்பில் எழுதவும் வேறு வழக்கு வேண்டும். அங்குக் கோளாறு, பிறழ்வு ஆகியவற்றுக்கு ஈடாக இடர்ப்பாடு என்பதையும், நடத்தை என்பதற்கு ஈடாகச் செயல் என்பதையும் கொள்ளலாம். நம்பிக்கையற்ற நிலையைக் குறிக்க மெய்ப்பாட்டியலின் கையாறு என்னும் சொல், கையறுநிலை என்னும் புறத்துறையாலும் அறியப்பட்டது என்பதால், மீண்டும் வழக்கிற்கு வரத் தக்கது. ‘பெண் நடத்தை இடர்ப்பாடு’ என்னும் தொடர் எவ்விடத்தும் வேண்டுவதில்லை. வகுப்புக்கு வரவில்லை, அடித்தாள் என்று நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே வினைச்சொல்லால் எழுதலாம்.

இச்சொற்களை முடிவு செய்ய வேண்டுவோர் மருத்துவரும் தமிழறிஞரும் மட்டுமல்லர். ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட, 25 கூற்றுகள் கொண்ட வலிமைகள்–இடர்கள் வினாநிரல் உலக மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டுள்ளது, தமிழிலும் உண்டு. இத்தகைய வினாநிரல்களைத் தமிழாக்கும்போது மூலத்திற்கு மீளப் பெயர்த்துச் சரிபார்த்தல் வழக்கம். அதனோடு, எட்டாம் வகுப்பு மாணவர் சிலரிடம் ஒவ்வொரு கூற்றையும் படிக்கச் செய்து, அதனைத் தம் நண்பனுக்குச் சொல்வதுபோல் மீண்டும் சொல்லச் செய்ய வேண்டும். ‘கோபம்’ என்றெழுதிய இடத்தில் மதுரை மாணவன் எச்சொல்லைச் சொல்கிறான், கடலூர் மாணவி எச்சொல்லைச் சொல்கிறாள், எந்த இடத்தில் இருவரும் பேசாது தலைகுனிகின்றனர் என்பவற்றைத் தொகுக்கும் பணி தமிழ்த்துறை ஆய்வாளர் எவரும் இப்போதே தொடங்கக்கூடியது.